இரண்டு தலையிலும் நங்கூரம்

“சிலுவையோட இன்னொண்ணையும் சேர்த்துக் கட்டினா என்ன சிஸ்டர்? காவல் கூடத்தானே செய்யும்?”

கயித்தான் கேட்டது தன் மீன்பிடி வள்ளத்தைப் பற்றி.

முன்முனையான அணியத்தில் சிலுவை, அவன் அப்பா காலத்திலிருந்தே இருப்பது. போன ஆடிக் காற்றில் வள்ளம் கவிழப் பார்த்தது. அதற்குப் பிறகு பின்முனையான அமரத்தில் அம்மன் கோயில் கறுப்புக் கயிறும் ஏறியது.

கழிமுகத்து மணல்திட்டில் தனியாக ஜெபவாழ்வு வாழும் இஞ்ஞாசி சிஸ்டர் அவனைவிட ரொம்ப இளையவள்.

“கட்டினப்புறம் கடலுக்குப் போனீங்களாண்ணே?”

அவன் மணலைப் பார்த்தான்.

“எங்க போக? ஞாயித்துக்கிழமை பூசை தவறினா ஆண்டவர் கோவிப்பாரோங்குது மனசு. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் மாத்தலேன்னா அம்மன் கோவிக்குமோங்குது. வள்ளத்துல கால் வச்சாலே நடுங்குது. வீட்டுல உலை வைக்க அரிசி இல்ல சிஸ்டர்.”

“என்னைக் கடல்ல கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போங்க.”

போகிற வழியில், பக்கத்து வள்ளத்து வேலாண்டியிடம் ஒரு நங்கூரம் இரவல் வாங்கி ஏற்றிக்கொண்டாள்.

விடிந்தும் விடியாத மூடுபனி. கரை மெல்லக் கரைந்து போயிற்று. கடல் எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மாதா கோயில் மணி தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல் கேட்டது.

“இங்க நிறுத்துங்க.”

கயித்தான் அணியத்திலிருந்து தன் நங்கூரத்தை இறக்கினான். வள்ளம் மெதுவாகத் திரும்பி, வருகிற அலைக்கு முகம் கொடுத்து நின்றது.

சிஸ்டர் அமரத்துக்குப் போய் இரவல் நங்கூரத்தை இறக்கினாள். கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினாள்.

“இது என்ன வேலை?”

“காவல் கூடட்டுமே.”

அவன் சிரித்துவிட்டான். “வேதம் படிச்ச அளவுக்குக் கடல் படிக்கலையே சிஸ்டர்!”

காற்று திசை மாறியது.

வள்ளம் அந்தப் பக்கம் திரும்ப முயன்றது. பின்கயிறு விடவில்லை. அலை விலாவில் வந்து மோதியது. அடுத்தது உள்ளேயே ஏறியது.

“அவுத்து விடுங்க! ரெண்டு தலையிலயும் கட்டினா வள்ளம் எப்படி அலைக்கு முகம் திருப்பும்? முங்கிருவோம்!”

“வேலாண்டி நங்கூரம் மோசமாண்ணே?”

“அவன் நங்கூரத்துக்கு என்ன குறை! புயல்லயே அதைப் போட்டுத்தான் நின்னான். அது அவன் வள்ளத்துக்கு!”

உள்ளே ஏறிய தண்ணீரில் தவழ்ந்துபோய் அமரத்து முடிச்சை அவிழ்த்தான். நுனியில் கட்டியிருந்த மிதவையோடு நங்கூரக் கயிறு கடலில் நழுவியது.

தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல வள்ளம் ஒருமுறை அசைந்து திரும்பி, அலைக்கு முகம் கொடுத்து நின்றது.

பனிக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கயித்தான் அமரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை; அவன் விரல்கள் அங்கிருந்த கறுப்புக் கயிற்றைத் தொட்டன.

“கரைக்குப் போவோமாண்ணே?”

“பொறுங்க சிஸ்டர். இன்னொரு முடிச்சு இருக்கு.”