தகரத்துல காஞ்ச நெல்லிக்கா

கால தாத்தா மேல போடாத மகிழினி, எரும மாதிரி கனக்குது. ம், அப்படிப் படு. "ம்" கொட்டணும், இல்லன்னா பாதியில நிறுத்திப்புடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் தங்கச்சியும் இருந்தாங்க. அப்பன் ஆத்தா கெடையாது. அந்த ஊர்ல ஒரு துருப்பேயும் இருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது. "உஸ்ஸ்ஸ்"னு ஊதும், அம்புட்டுத்தான். அருவா மேல ஊதுனா துரு. நறுக்குன கத்திரிக்கா மேல ஊதுனா கருப்பு. சாயங்காலம் நீ கடிச்சுப் போட்ட ஆப்பிள் கருத்துச்சே, அதுவும் அந்தப் பேயி வேலதான்.

"ம்."

ஒருநா அந்தப் பேயி தங்கச்சியோட கண்ணுல போயி உக்காந்துக்கிச்சு. உஸ்ஸ்ஸ்... பாவம் புள்ளைக்கு எல்லாம் மசமசன்னு ஆயிருச்சு. அப்போ கொல்லையில நின்ன நெல்லிமரம் அண்ணனக் கூப்புட்டுச்சு. "எலேய், என் காய்க்கு அந்தப் பேயி பயப்படும்டா. ஆனா மூணு சொல்லுக் கேக்கணும். கத்தி படக்கூடாது. இரும்புச் சட்டி ஆகாது. ஏழு நாளு நிழல்லயே காயணும், வெயிலு கண்ணுல காட்டிறாத!"

அண்ணன் கத்தியத் தொடல. கல்ல வச்சு நச் நச்சுனு தட்டி உடச்சான். அப்புறம் மண்சட்டியில அள்ளிட்டுப் போயி, கொட்டாய் நிழல்ல பாயி விரிச்சுக் காயப்போட்டான். கிண்டிவிடணும், கோழி வெரட்டணும். அஞ்சு நாளு உக்காந்தான்.

"ம்..."

ஆறாம் நாளு பக்கத்தூர்ல ஜல்லிக்கட்டு. டண்டணக்கு டண்டணக்குன்னு கொட்டுச் சத்தம். பயலுக்கு இருப்புக்கொள்ளல. ஒரு மத்தியானம்தானேன்னு எல்லாத்தையும் அள்ளி, கூரைத் தகரத்து மேல சுள்ளுனு அடிக்கிற வெயில்ல கொட்டிட்டு ஓடிட்டான். வந்து பாத்தா மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு. ஆனா கன்னங்கரேல்னு. வாசம் கூட இல்ல.

அதையே இடிச்சுப் பொடியாக்கிக் குடுத்தான். தங்கச்சி நாக்குல வச்சுப் பாத்துட்டு, "புளிக்கவே இல்லயேண்ணே, நிழல்லதானே காஞ்சுது?"ன்னா.

"ஆமாத்தா, நிழல்லதான்"னான்.

அவளும் அண்ணன நம்பி நாப்பது நாளு தின்னா. பேயி அசையல. மரத்துல அடுத்த காய் வர்றதுக்குள்ள கண்ணு ரெண்டும் போயிருச்சு. ஒழுங்காக் காஞ்சிருந்தா பேயி ஓடியிருக்குமோ என்னமோ, யாரு கண்டா. ஒரு மத்தியானம் பொறுக்கல எனக்கு.

"தாத்தா."

என்ன, "ம்"மக் காணோம்?

"செல்லாயி அப்பத்தா வந்தா என் மூஞ்சியத் தடவித் தடவிப் பாக்குமே..."

ம்.

"உன் தங்கச்சிதானே அது?"

ம்.

"தகரத்துல போட்டத அதுகிட்ட சொல்லிட்டியா?"

இல்லத்தா. அம்பது வருசமாச்சு. ஒவ்வொரு பொங்கலுக்கும் வாயத் தெறப்பேன். அவ "சாப்பிட்டியாண்ணே"ம்பா. மூடிக்குவேன்.

"நாளன்னைக்கு அப்பத்தா வருதுல்ல?"

வருது.

"நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன், சொல்லு."

சரி, தாயி. கத அம்புட்டுத்தான். நீயாவது கண்ண மூடு.