தெய்வானையின் பென் டிரைவ்

கோவையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குரு ஜெசிந்தாவுக்கு வயது இருபத்தாறு; ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சிஷ்யை தெய்வானைக்கு நாற்பத்து மூன்று. பம்ப் செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவள். குரு என்று கூப்பிட்டால் ஜெசிந்தாவுக்குப் பிடிக்காது. அதனாலேயே விடுதி முழுக்க அப்படித்தான் கூப்பிட்டது.

தெய்வானை ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருந்தாள். அதில் இடுப்பில் சாவிக்கொத்துடன் ஓர் அம்மாள் வந்து, குளிக்கிற தண்ணீரை வாளி வாளியாக அளந்து கொடுப்பாள். விடுதியின் பொதுக் கம்ப்யூட்டரில் அதைப் படித்த வார்டன் விசாலத்துக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. நாடகத்தை அழித்தார். அதோடு விட்டாரா? அணைத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிடும்படியும், பென் டிரைவ் செருகினால் திறக்காதபடியும் ஆள் வைத்து மாற்றிவிட்டார்.

தெய்வானை கொதித்துப்போய் ஜெசிந்தாவின் அறைக்கு வந்தாள்.

"குருவே, அழிக்கிறவங்க இடத்துல உக்காந்து அழியாம எழுதறது எப்படி?"

ஜெசிந்தா தன் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் நகர்த்தினாள்.

"இதுலயே எழுதிக்கவா?"

"எழுதலாம். அப்பறம் தினமும் என்னைக் கேட்டுத்தான் எழுதணும்."

தெய்வானை கையை எடுத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா ஒரு பென் டிரைவை நீட்டினாள். "இதுல லினக்ஸை ஏத்துங்க. கம்ப்யூட்டரை ஓட்டற சாஃப்ட்வேர் அது. எந்தக் கம்ப்யூட்டர்ல செருகித் தொடங்கினாலும் இதுலேருந்தே எந்திரிக்கும். வார்டன் போட்ட தடையெல்லாம் இருக்கற அந்தக் கம்ப்யூட்டரோட டிஸ்க்கைத் தொடவே தொடாது. மிச்ச இடத்தைத் தனியாப் பிரிச்சு வைங்க. நீங்க எழுதறது அங்க தங்கும்."

"நீயே ஏத்திக் குடுத்துடேன்."

"மாட்டேன்."

"தப்பா உன் லேப்டாப்பு மேல ஏத்திட்டா?"

"என் லேப்டாப் போயிடும்."

ஏற்றும் முறையை லேப்டாப் திரையில் திறந்து வைத்துவிட்டு ஜெசிந்தா சாப்பிடப் போய்விட்டாள். தெய்வானை அதை வரி வரியாகப் படித்தாள். எந்த டிஸ்க், எந்த டிஸ்க் என்று திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் என்டர் தட்டினாள்.

மறுநாள் பொதுக் கம்ப்யூட்டரில் அதைச் செருகி, மூன்றாம் காட்சி முழுவதையும் ஒரே மூச்சில் எழுதினாள். அணைத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பார்த்தால் ஒரு வரி இல்லை.

"உன் பென் டிரைவும் அந்தம்மா கட்சிதான்!" என்று வந்து கத்தினாள்.

"இடம் பிரிச்சீங்களா?"

"பிரிச்சேனே!"

"தொடங்கறப்ப அதைத் திறக்கச் சொன்னீங்களா?"

"சொல்லணுமா?"

ஜெசிந்தா அவளைக் கூட்டிப்போய்க் காட்டினாள். தொடங்கும் திரையில் வரும் கட்டளை வரியின் கடைசியில், விடாமல் நிலைத்து நிற்பது என்று பொருள்படும் 'பெர்சிஸ்டன்ஸ்' என்ற ஒரு சொல்லைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால், பிரித்து வைத்த இடத்தை லினக்ஸ் ஏறெடுத்தும் பார்க்காது.

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அதுவாத் தெரிஞ்சுக்காதா?"

"தண்ணி பத்தலைன்னு வார்டன் அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டாங்களா?"

தெய்வானை மூன்றாம் காட்சியை மறுபடி எழுதினாள். ஆத்திரத்தில் எழுதியதாலோ என்னவோ, முன்னைவிடக் காரமாகவே வந்தது. சாவிக்கொத்து அம்மாளுக்கு இப்போது ஒரு பாட்டும் இருந்தது.

ஒரு சாயங்காலம் விசாலம் அந்தப் பக்கம் வந்தார். திரையைப் பார்த்தார். சுவிட்சை அணைத்தார்.

தெய்வானை நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டாள். அந்தச் சொல்லைத் தட்டினாள். வரிக்கு வரி சேமித்து வைத்திருந்த நாடகம் அப்படியே வந்து நின்றது.

விசாலம் மறுபடி அணைத்தார். தெய்வானை மறுபடி போட்டாள். துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"யாரு இதைச் சொல்லிக்குடுத்தது?" என்றார் விசாலம்.

"நான்தான் மேடம்" என்று ஜெசிந்தா முன்னால் வந்தாள்.

"இதைத் தடுக்க என்ன வழி?"

"இருக்கு மேடம். உக்காருங்க."

தெய்வானையால் நம்ப முடியவில்லை. ஜெசிந்தா வார்டனை உட்காரவைத்து, கம்ப்யூட்டர் எழும்போது எந்தக் கீயை அழுத்துவது, பென் டிரைவிலிருந்து தொடங்குவதை எங்கே நிறுத்துவது, அதற்குப் பாஸ்வேர்டு எப்படிப் போடுவது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தாள். விசாலம் பாஸ்வேர்டைத் தட்டியபோது மரியாதையாக முகத்தை வேறு திருப்பிக்கொண்டாள்.

"ஏன் சொல்லிக்குடுத்தே?" என்று பாய்ந்தாள் தெய்வானை.

"கேட்டாங்க, சொன்னேன். நீங்களும் கேட்டீங்க, சொன்னேன்."

விசாலம் எழுந்து சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டார். "இனி எப்படி எழுதறீங்கன்னு நானும் பாக்கறேன்."

இத்தனை பாடும் வீணாகப் போயிற்றே என்று தெய்வானை ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினாள்.

"பாவிப் பொண்ணே, என் நாடகத்தை அந்தப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டியே!"

ஜெசிந்தா கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவை உருவினாள். வார்டன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தெய்வானையின் கையில் வைத்தாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள உங்க நாடகம் எப்பக்கா இருந்துச்சு?"