மன்னருக்குப் பின்னால் பத்தடி

நெடுங்கரை நாட்டு அரசர் மணிமுடியாரின் அரண்மனையில் செங்கோலும் உண்டு, இணையமும் உண்டு. எப்படி என்று கேட்காதீர்கள், அந்த நாடு அப்படி. அரசர் தினமும் தன் வலைப்பூவில் எதையாவது எழுதுவார். அதில் படங்களை ஏற்றுவது பூங்கோதையின் வேலை.

ஒரு நாள் அரசர் முகம் சிவக்கச் சபைக்கு வந்தார்.

"நான் யானைமேல் போகும் படத்தைக் காணோம். அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம்தான் இருக்கிறது. 'கட்டம் அழகு, இதில் யானை எது?' என்று பக்கத்து நாட்டு அரசர் பின்னூட்டம் போட்டிருக்கிறார்."

பூங்கோதை பணிவாகச் சொன்னாள்: "அரசே, தாங்கள் அந்தப் படத்துக்கு வைத்த பெயர் 'மன்னர் யானை உலா'. சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது. பெயரைப் படிக்கும் நிரல், முதல் இடைவெளி வந்ததும் பெயர் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. 'மன்னர்' என்ற படத்தைத் தேடுகிறது. அப்படி ஒரு படமே இல்லை. இடைவெளியில் ஒரு சிறு கோடு போட்டால் சரியாகிவிடும்."

"கூடாது. என்னை ஒட்டி யாரும் நிற்கக் கூடாது என்பது இந்த நாட்டு வழக்கம். அரசியே பத்தடி தள்ளித்தான் வருகிறாள். என் பெயரைக் கோடு போட்டு யானையோடு கட்டுவதா?"

அமைச்சர் கடம்பனார் மெல்லச் செருமினார். "வேலை தெரியாதவர்கள் இடைவெளியைத்தான் குறை சொல்வார்கள், அரசே. என் மைத்துனர் வீட்டில் சும்மாதான் இருக்கிறார்."

"நாளை திருவிழா. நாளை மாலைக்குள் படம் தெரிய வேண்டும். கோடும் இருக்கக் கூடாது. முடியாவிட்டால் பூங்கோதை வேலையை விட்டுப் போகலாம்" என்றார் அரசர்.

பூங்கோதையின் கண் கலங்கியது. அப்போது துடியன் எழுந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. யாருக்கும் தெரியாமல் அவரைத் திருத்துவதும் அவன்தான்.

"அரசே, நாளை ஊர்வலம் வரும்போது கோட்டை வாசலை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?"

"பார்த்துக்கொள். அதில் என்ன கெட்டுவிடப் போகிறது?"

மறுநாள் ஊர்வலம் கோயிலிலிருந்து திரும்பியது. முன்னால் அரசர். பத்தடி தள்ளி அரசி. அப்புறம் அமைச்சர், மேளக்காரர்கள், சர்க்கரைப் பொங்கல் அண்டாக்கள். அரசர் கோட்டைக்குள் கால் வைத்தார். படாரென்று கதவு சாத்திக்கொண்டது.

ஊர்வலத்தில் உள்ளே வந்தவர் அரசர் மட்டும். வெளியே மேளம் நின்றுபோனது. "யார் அது கதவைச் சாத்தியது?" என்று அரசியின் குரல் கேட்டது.

அதையேதான் அரசரும் உள்ளே நின்ற வாசல் காவலனிடம் கேட்டார்.

"துடியன் ஐயாவின் உத்தரவு, அரசே. பின்னால் ஆள் இல்லையென்றால் ஊர்வலம் முடிந்தது, உடனே சாத்து என்றார். தங்களுக்குப் பின்னால் வெற்றிடம்தான் இருந்தது."

"பத்தடி தள்ளிப் பார்க்க மாட்டாயா?"

"அவ்வளவு தூரம் பார்க்க எனக்கு உத்தரவில்லை, அரசே."

கதவோரம் நின்ற துடியன் முன்னால் வந்தான். "இவனைக் கோபிக்காதீர்கள். தங்கள் வலைப்பூவின் வாசலிலும் இப்படி ஒருவன்தான் நிற்கிறான். இடைவெளியைக் கண்டதும் சாத்திவிடுவான். பாவம், யானை இன்னும் வெளியேதான் நிற்கிறது."

அரசர் மீசையைத் தடவினார். வெளியிலிருந்து பொங்கல் வாசனை வந்தது. பசி வேறு.

"புரிகிறது. ஆனால் பழைய வழக்கத்தை எப்படி விடுவது?"

"விட வேண்டாம். பத்தடியும் அப்படியே இருக்கட்டும். தங்களுக்கும் அரசிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டிவிடுவோம். இடம் காலியாகத் தெரியாது."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அரசி சொன்னாள்: "கயிறு எதற்கு? கை இருக்கிறதே."

அரசர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கோட்டையே அதிரச் சிரித்தார். கதவைத் தானே திறந்து அரசியின் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த எல்லோரும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். அமைச்சரின் கையைப் பிடித்துவந்தவள் பூங்கோதை.

முதல் அண்டா பொங்கல் துடியனுக்குப் பரிசாகப் போனது.

மாலையில் 'மன்னர்-அரசி-திருவிழா' என்ற படம் வலைப்பூவில் பளிச்சென்று வந்தது. பக்கத்து நாட்டு அரசர் உடனே எழுதினார்: "கட்டம் போய்விட்டது, நல்லது. ஆனால் யானையைக் காணோமே?"

அரசரே பதில் எழுதினார்: "கொஞ்சம் பொறுங்கள். இப்போதுதான் அதற்குக் கதவைத் திறந்திருக்கிறோம்."