இரண்டாவது கப்பல் கேட்ட இடம்

செந்திட்டு என்னும் சிறிய தீவு நாட்டில் புயல் அடித்து, கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. துறைமுக ஊரிலும், ஆலங்கழி என்னும் கழியோரச் சிற்றூரிலும் கிணறுகள் உப்பாகிவிட்டன. துறைமுகத்துக்குக் கப்பல் வரும். ஆலங்கழிக்கு முழங்காலளவுத் தண்ணீரில் செல்லும் சிறு படகுகளான வள்ளங்கள்தான் வழி. ஒரு வள்ளத்தில் நான்கு பேர் ஏறினாலே விளிம்பில் தண்ணீர் தட்டும்.

முதலில் உதவிக்கு வந்தது பனிநாடு. உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைப் பன்னிரண்டு பெட்டிகளில் கொண்டுவந்து துறைமுகத்தில் பொருத்தினார்கள். அது சூரிய ஒளி மின்சாரத்தில் ஓடும். அருகே நாட்டின் பெயர் எழுதிய பெரிய பலகையும் நட்டார்கள். துறைமுக ஊருக்கு அந்த ஒன்றே போதும்.

பத்தாம் நாள் நெடுங்கரை நாட்டுக் கப்பல் வந்தது. அதில் இருந்ததும் அதே அளவு தண்ணீர் தரும் இயந்திரம்தான். ஆனால் டீசலில் ஓடுவது; கிரேன் இல்லாமல் அசையாதது.

"துறைமுகத்தில் இறக்கிவிடுகிறோம்," என்றார் அந்நாட்டுத் தூதர். "நாளைக் காலை கப்பல் புறப்பட வேண்டும். வேண்டாமென்றால் சொல்லுங்கள், அடுத்த நாட்டில் காத்திருக்கிறார்கள்."

உதவிகளைப் பங்கிடும் அதிகாரி தையல்நாயகி தயங்கினார். பனிநாட்டார் இடம் கேட்டபோதும் அவர் ஆலங்கழியைப் பற்றி வாய் திறக்கவில்லை. கொடுக்க வந்தவர் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம்.

ஆலங்கழியிலிருந்து வந்திருந்த செவிலியர் அமலோற்பவம் ஒரு பாட்டில் தண்ணீரை மேசைமேல் வைத்தார்.

"குடிச்சுப் பாருங்க மேடம். இதைத்தான் எங்க புள்ளைங்க குடிக்குதுங்க. நேத்து மட்டும் ஒன்பது பேருக்கு வயித்தால போச்சு."

தூதரின் முகம் மாறியது. "அப்படியானால் உங்கள் ஊரிலேயே இறக்குவோமே?"

"எதுல கொண்டாருவீங்க ஐயா, தோள்லயா? டீசலுக்கு எங்க போவோம்? விளக்குக்கு மண்ணெண்ணெயே வள்ளத்துலதான் வருது."

தூதர் வருத்தத்தோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னொரு செய்தி. கப்பலுக்கு முன்பே வந்துவிட்ட நெடுங்கரைத் தூதரும் பனிநாட்டுத் தூதரும் ஒரே விடுதியில்தான் தங்கியிருந்தார்கள். காலை உணவின்போது வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். வந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

'சரி' என்றால், தேவையில்லாத இடத்தில் இரண்டாவது இயந்திரம் நிற்கும். 'வேண்டாம்' என்றால், அது கப்பலோடு போய்விடும். ஆலங்கழிக் குழந்தைகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கத் தையல்நாயகி என்ன சொல்ல வேண்டும்?

விடை: தையல்நாயகி பதில் சொல்லுமுன் விடுதிக்கு ஆள் அனுப்பிப் பனிநாட்டுத் தூதரை வரவழைத்து, ஆலங்கழியின் நிலையைச் சொன்னார். "உங்கள் இயந்திரத்தைக் கழற்றி மறுபடி பெட்டிகளில் அடைக்க முடியுமா?" என்று கேட்டார். பனிநாட்டுத் தூதர் பாட்டிலையும் அமலோற்பவத்தையும் பார்த்தார். "முடியும். முதல் நாளே சொல்லியிருக்கலாமே!" "பயந்துவிட்டேன். தவறு என்னுடையதுதான்," என்றார் தையல்நாயகி. நெடுங்கரை இயந்திரம் துறைமுகத்தில் இறங்கி ஓடத் தொடங்கியதும், பன்னிரண்டு பெட்டிகளும் வள்ளத்துக்கு ஒன்றாக ஏறின. "எங்கள் பலகை மட்டும் துறைமுகத்திலேயே இருக்கட்டுமா? எல்லாரும் பார்ப்பார்கள்," என்றார் பனிநாட்டுத் தூதர். "அதையும் ஏத்துங்க ஐயா," என்றார் அமலோற்பவம். "பெட்டி நனையாம அடியில போட ஒரு பலகை வேணும்." முதலில் சிரித்தவர் அந்தத் தூதர்தான்.