ஒரு சாவுக்கு ஒரு மூடி

இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் பாதியில் எழுந்து போகக் கூடாது. முடிவில் ஒரு கேள்வி கேட்பேன். பழியை யார் தலையில் வைப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நெடுங்கரை நகராட்சியில் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. ஆள் உயர ஆழம். மேலே மூடி கிடையாது. மூடித் தாருங்கள் என்று கேட்காத கவுன்சிலர் இல்லை. ஆனால் ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டியதில் கஜானா துடைத்துவிட்டதுபோல் ஆகிவிட்டது. மிச்சமிருந்த பணம் ஏதாவது ஒரு வார்டில் சிலாப் போடத்தான் காணும். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர்கள் மல்லுக்கு நிற்பார்களே என்று பயந்த தலைவர் வெள்ளைத்துரை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வார்டில் சாக்கடைக்குள் விழுந்து ஓர் உயிர் போகிறதோ, அந்த வார்டுக்கே மூடி. ஆகா, இதுவல்லவோ நியாயம் என்று எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அன்றிலிருந்து கவுன்சிலர்கள் தத்தம் வார்டில் ஒரு சாவு விழாதா என்று காத்திருந்தார்கள். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஐப்பசி மழையில் விழுந்தவன் பஞ்சாலைத் தொழிலாளி சுடலைக்கண்ணு. வேலை முடிந்து வரவேண்டியவனைக் காணோமே என்று தேடிப்போன அவன் மனைவி முத்துப்பேச்சிக்கு, ஏழாவது வார்டில் ஐஸ் கம்பெனித் திருப்பத்தில், இடிந்த கரையோரம் அவனுடைய செருப்பு ஒன்று கிடைத்தது. உடலோ தண்ணீரில் இழுபட்டுப்போய் ஒன்பதாவது வார்டில், பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒதுங்கியது.

துக்கம் விசாரிக்க வந்த ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் சண்முகக்கனி, அந்தச் செருப்பைப் பார்த்துவிட்டு, விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தாயி, போனவன் போயிட்டான். ஒம் மக இசக்கி தெனமும் எந்தச் சாக்கடையத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போறா? அங்கதான் விழுந்தான்னு ஒரு வார்த்த சொல்லு. செருப்பக் கண்ணுல படாமப் போட்டுரு."

புருஷனை எரித்த சூடு ஆறுவதற்குள் அவன் செத்த இடத்தை மாற்றச் சொல்கிறார்களே என்று முத்துப்பேச்சிக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே செருப்பைப் புதைத்துவிட்டாள்.

மன்றக் கூட்டத்தில் ஒரு பிணத்துக்கு இரண்டு வார்டும் அடித்துக்கொண்டன. ஏழாவது வார்டு கவுன்சிலர் பால்துரை தொண்டை கிழியக் கத்தினார்.

"எங்க வார்டுலதான்யா விழுந்தான்! ஐஸ் கம்பெனித் திருப்பத்துல கரை இடிஞ்சு வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

தலைவர் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தலை நிமிரவில்லை.

"பள்ளிக்கூடத்து வாசல்லதான்யா விழுந்தாரு. நான் பாத்தேன்."

பெண்டாட்டியே சொன்னபிறகு பேச்சென்ன? ஒன்பதாவது வார்டுக்கு மூடி வந்தது. இசக்கியும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் அதன்மேல் நடந்து பள்ளிக்கூடம் போனார்கள்.

கார்த்திகையில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தெரு எது, சாக்கடை எது என்று தெரியாமல் எங்கும் ஒரே தண்ணீர். முத்துப்பேச்சிக்கு ஐஸ் கம்பெனித் திருப்பத்துப் பள்ளத்தின் நினைப்பாகவே இருந்தது. பள்ளம் இருக்கிற இடத்தில் ஒரு கொப்பை நட்டுவைத்தால் வருகிறவர்கள் விலகிப் போவார்கள். நகராட்சி செய்யாததை நம் ஜனங்கள் இப்படித்தான் செய்துகொள்கிறார்கள். அவளும் ஒரு புங்கங்கொப்பை ஒடித்துக்கொண்டு ஐஸ் கம்பெனித் திருப்பத்துக்குப் போனாள். கொப்பை ஊன்றக் குனிந்தபோது பால்துரையின் பைக் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன தாயி, இங்க எதுக்குக் கொப்பு? ஒம் புருஷன் விழுந்தது பள்ளிக்கூடத்து வாசல்லன்னுல்லா சொன்ன?" என்று சிரித்தார்.

பொய் வெளிப்பட்டால் போட்ட மூடியைப் பெயர்த்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்.

"ஆட்டுக்குக் கொழ ஒடிச்சேன்யா" என்று சொல்லிவிட்டு, கொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பால்துரையும் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஸ்டெல்லா அந்தத் திருப்பத்தில் விழுந்து இறந்தாள். இசக்கியின் வகுப்புத் தோழி. ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் வீடு. அவள் தாய் மரியபுஷ்பம், வந்திருந்த கூட்டத்தில் முத்துப்பேச்சியைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, என் வேதன ஒனக்குத்தான்க்கா தெரியும்!"

இப்போது சொல்லுங்கள். தீர்மானம் போட்ட வெள்ளைத்துரை, பொய்யைச் சொல்லிக்கொடுத்த சண்முகக்கனி, பொய் சொல்லிவிட்டுக் கொப்பையும் திரும்பத் தூக்கிவந்த முத்துப்பேச்சி, உண்மையைத் தவிர வேறொன்றும் பேசாத பால்துரை. இந்த நால்வரில் ஸ்டெல்லாவின் சாவு யார் தலையில் விடியும்?

விடை: வெள்ளைத்துரையின் தீர்மானம் கேடுகெட்டது, ஆனாலும் அவர் சாட்சியை நம்பினார். சண்முகக்கனியின் பொய்யால் ஒரு பள்ளிக்கூடமே பத்திரமாக நடக்கிறது. முத்துப்பேச்சி பொய் சொன்னாள், பயந்தாள். இருந்தும் கொப்போடு அந்த இடம்வரை போனவள் அவள் ஒருத்திதான். பால்துரைக்கோ மறைக்க ஒன்றுமே இல்லை. கரை இடிந்ததைப் பார்த்தவர், கொப்பு எதற்கு என்று புரிந்துகொண்டவர். அவரே அதை வாங்கி நட்டிருந்தால் ஏன் என்று கேட்க ஊரில் ஆள் கிடையாது. அவருக்கு வேண்டியிருந்தது அவளுடைய பொய்யைக் குத்திக்காட்டுவது மட்டும்தான். ஆகவே பழி பால்துரைக்கே. அடுத்த கூட்டத்தில், கடன் வாங்கியாவது ஏழாவது வார்டுக்கும் மூடி போடுவதென்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பால்துரை தேங்காய் உடைத்து வேலையைத் தொடங்கிவைத்தார். முத்துப்பேச்சியிடம் இந்த விடையை யாரும் சொல்லவில்லை. மரியபுஷ்பம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறுதல் தேடி அவள் வீட்டுக்கு வருகிறாள். முத்துப்பேச்சி கதவைத் திறந்து உட்காரச் சொல்கிறாள்.