மன்னர் உரையை மன்னரே சரிபார்த்த கதை

மருதங்கோடு நாட்டை வரைபடத்தில் தேடிப் பயனில்லை. ஆனால் அங்கே அரசர் உண்டு, யானை உண்டு, பல்கலைக்கழகம் உண்டு, வைஃபையும் உண்டு. யானையும் வைஃபையும் அவையாக நினைத்தால்தான் நகரும்.

அரசர் மகரத்துவசருக்குப் பேசுவதென்றால் உயிர். கிணற்றுக்கு மூடி போட்டாலும் பேசுவார், அந்த மூடியைத் திறந்தாலும் பேசுவார். இதைக் கண்டுகொண்ட அமைச்சர் வச்சிரகேது, அரசர் வாய் திறக்கும் இடமெல்லாம் ஏதாவது ஒரு கருவியோடு போய் நின்றார். முதலில் ஒலிப்பதிவு. பிறகு காணொளி. அதுவும் பழசாகிவிட்டதென்று தலையில் மாட்டும் கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டால் அரசர் பேசிய கூட்டத்துக்குள்ளேயே போய் நிற்கலாம். கடைசியாக மணப்பதிவு. அன்று அங்கே வீசிய வாசனையும் சேர்ந்தே வரும். அரசர் எப்போதும் விருந்து முடிந்த கையோடு பேசுகிறவர் என்பதை அமைச்சர் யோசிக்கவில்லை.

இவ்வளவையும் எங்கே வைப்பது? பல்கலைக்கழக மின்னூலகத்தில், என்றென்றைக்கும், என்று ஆணை பிறந்தது. மின்னூலகத்தின் தலைவர் நப்பின்னை, சேமிப்பகத்தில் கடுகளவும் இடமில்லை என்று சொல்லி அனுப்பினார். அமைச்சர் உடனே வழி கண்டுபிடித்தார். அங்கே கிடக்கும் பழைய நூல்களை அழித்துவிட்டால் இடம் தானாக வந்துவிடுமே.

அந்தப் பழைய நூல்களில் மருத்துவச் சுவடிகளின் படங்கள் இருந்தன. மூல ஏடுகளோ படமெடுத்து முடிப்பதற்குள் பொடியாய் உதிர்ந்துபோனவை. மறுபிரதி வைத்திருந்த வட்டை அமைச்சர் ஏற்கெனவே அழித்து, அதில் அரசரின் தேர்ப்பவனியை ஏற்றிவிட்டார். இதுவும் போனால் அந்த மருத்துவம் உலகத்தில் எங்குமே இருக்காது.

நப்பின்னை அவசரமாக அரண்மனைக்குப் போனார். சபையில் அமைச்சர் முந்திக்கொண்டார்.

"நூலகரம்மாவுக்கு மன்னரின் திருவாக்கைவிடக் கரையான் மிச்சம் வைத்த ஏடுதான் பெரிது போலிருக்கிறது."

அரசரின் மீசை துடித்தது. அது துடித்தால் யாருக்காவது வேலை போகும் என்பது சபைக்கே தெரியும்.

"மன்னா, என் கவலையே திருவாக்கைப் பற்றியதுதான்" என்றார் நப்பின்னை. நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு என்று பணிவாக விளக்கினார். உள்ளே வருகிற பதிவு எதுவானாலும் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஒரு சொல் விழுங்கப்பட்டிருந்தாலும் பிடித்துவிட வேண்டும். அதன் பிறகுதான் அதற்கு இடம் ஒதுக்கலாம். இடம் ஒதுக்கும்வரை பழையது எதிலும் கை வைக்க முடியாது.

தானே சரிபார்ப்பதாக அமைச்சர் மார்தட்டினார்.

"தாராளமாக. மன்னர் சொன்னதில் இது சரி, இது பிழை என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அமைச்சருக்கு உண்டென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை."

அமைச்சர் தட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார். அரசர் மட்டும் உற்சாகமாக எழுந்தார். தம் பேச்சைத் தாமே கேட்பதைவிட இன்பமான வேலை உண்டா என்று அன்றே தொடங்கிவிட்டார்.

முதலில் வந்தது வெள்ளோடைப் பாலம் திறந்த உரை. ஒலிப்பதிவைக் கேட்டு அரசர் தலையாட்டினார். தம் நகைச்சுவைக்குத் தாமே கைதட்டினார். அடுத்து அதே உரை காணொளியில் வந்தது. அதே நகைச்சுவைக்கு இம்முறை புன்னகை மட்டும். மூன்றாவதாக, அரசருக்குக் கண்ணாடியை மாட்டி நிற்க வைத்தார் நப்பின்னை.

உச்சி வெயில். முன்னால் ஒரு நெட்டையன். அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் தூரத்தில் மேடை. மேடையில் ஓர் உருவம் பாலத்தின் ஒவ்வொரு கல்லையும் புகழ்ந்துகொண்டிருந்தது.

சற்று நேரம் பொறுத்தார் அரசர். பிறகு கால் மாற்றி நின்றார். பிறகு கண்ணாடிக்குள்ளேயே நைசாகக் கூட்டத்தை விட்டு நழுவப் பார்த்தார். ஓரத்தில் நின்ற காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். மன்னர் பேசி முடிக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாதாம்.

"அந்த ஆள் எப்போதுதான் முடிப்பார்?" என்றார் அரசர்.

"இது முன்னுரை, மன்னா" என்றார் நப்பின்னை. "வேகமாக ஓட்டலாம்தான். ஆனால் தங்கள் திருவாக்கில் எந்தப் பகுதி கேட்கத் தேவையில்லாதது என்று எனக்குத் தெரியவில்லையே."

அரசர் மறுபடி மேடைப் பக்கம் திரும்பினார். நின்றார். பாலத்தின் கற்கள் தீர்ந்து, கல் சுமந்த கழுதைகளின் புகழ் ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து மணப்பதிவும் திறந்துகொண்டது. வெயில், வியர்வை, கழுதை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக மேடையிலிருந்து மிதந்து வந்த பூண்டுக் குழம்பு ஏப்பம்.

அரசர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தார்.

"இன்னும் எவ்வளவு பாக்கி?"

"இது பாலத்தின் இந்தக் கரையில் பேசியது, மன்னா. அந்தக் கரையிலும் பேசியிருக்கிறீர்கள். அது முடிந்தால் கிணற்று மூடி."

அரசர் நெடுநேரம் பேசவில்லை. சபையில் யாரும் கண்டிராத காட்சி அது. பிறகு மெதுவாகச் சொன்னார். பழைய நூல்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மறுபிரதி வட்டையும் நூலகத்துக்கே திருப்பிக் கொடுக்கட்டும். உரைகளை அழித்துவிடட்டும்; நான்கு வடிவமும், வாசனை முதலில்.

நப்பின்னை கைகூப்பினார். ஆனால் நகரவில்லை.

"இன்னும் என்ன?"

"அழிப்பதற்கும் ஒரு வழக்கம் உண்டு, மன்னா. தவறிப்போய் வேறெதையும் அழித்துவிடக் கூடாது பாருங்கள். அழிக்கப்போவது இன்னதுதான் என்று ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை பார்த்துச் சொல்ல வேண்டும்."

அரசர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் பார்வை வாசலை நோக்கிப் பூனைபோல் நகர்ந்துகொண்டிருந்த அமைச்சர்மேல் விழுந்தது. அரசர் சிரிக்க ஆரம்பித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வச்சிரகேது பார்ப்பார். கண்ணாடியை மாட்டிவிடுங்கள். நடுவில் உட்கார நாற்காலி கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்கு அங்கே யார் கொடுத்தார்கள்?"