ஆளில்லாத கடல்

மாசிலாமணிக்கு ஐம்பத்துமூன்று வயது. அனல்மின் நிலைய வேலை போனபிறகு, கடலில் காற்றாலை அமைக்க ஆலோசனை சொல்லும் நிறுவனம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த திலோத்தமைக்கு நாற்பதுதான். இன்னும் ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். சின்னவளிடம் கற்றுக்கொள்வதில் கூச்சமாவது மண்ணாவது!

அவர் எழுதிய முதல் அறிக்கையை அவள் வாசித்தாள். புன்னைத்துறை என்ற கடலோர ஊருக்கு நேரே காற்றாலை நடலாம், அந்த இடத்தில் மீன்பிடிப்பே இல்லை என்று எழுதியிருந்தார். திங்கட்கிழமை அது அரசுக்குப் போக வேண்டும். போய்விட்டால் அப்புறம் அங்கே யாரும் வலை போட முடியாது.

"மீன்பிடிப்பு இல்லைன்னு எப்படித் தெரியும் சார்?"

"ஒரு வருஷத்துக் கடல் போக்குவரத்து வரைபடம் பார்த்தேன் மேடம். கப்பலோ படகோ, எது போனாலும் சிக்னல் வரும்ல? அந்த இடத்துல ஒரு புள்ளிகூட இல்ல."

"நல்லா எழுதியிருக்கீங்க."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டார்.

"இந்த வயசுலயே எப்படி மேடம் இவ்வளவு பெரிய இடத்துக்கு வந்தீங்க?"

"நாளைக்குக் காலையில தயாரா இருங்க சார்" என்றாள். மறுநாள் காலையில் அவரைப் புன்னைத்துறைக்குக் கூட்டிப்போய், மிக்கேல் என்ற மீனவரின் ஃபைபர் படகில் ஏற்றினாள். ஒரு மணி நேரத்தில் அந்த இடம் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் படகு, வலை, ஆள், சத்தம்.

"எண்ணுங்க சார்."

எண்ணினார். அறுபத்துநாலு.

அவள் பையிலிருந்து சிக்னல் பிடிக்கும் கருவியை எடுத்து நீட்டினாள். தூரத்தில் போகும் ஒரு கப்பல் மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. அவர்கள் உட்கார்ந்திருந்த படகுகூட அதில் இல்லை.

"சின்னப் படகுகள்ல சிக்னல் அனுப்புற கருவியே கிடையாது சார்."

மிக்கேல் எட்டிப் பார்த்தார்.

"என்னத்தத் தேடுதீக?"

"இங்க யாராவது மீன் பிடிக்கிறாங்களான்னு பார்க்கிறோம்" என்றாள் திலோத்தமை.

"அப்ப நாங்கல்லாம் யாரு, பேயா?" என்று மிக்கேல் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாசிலாமணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சே! இத்தனை வயசுக்கு இப்படி ஒரு மடத்தனமா?

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். இன்னைக்கே மாத்தி எழுதிடறேன்."

"எழுதுங்க. ஆனா புது இடம் பார்க்கணும், திட்டம் ரெண்டு வருஷம் தள்ளிப்போகும். காற்றாலைக் கம்பெனிக்காரங்க வேற ஆலோசகரைத் தேடிப் போயிடுவாங்க. உங்க வேலையும் நிலைக்காது."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்காக நீங்க பேச மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?" அவர் கோபமாகக் கேட்டார்.

திலோத்தமை படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெரிய இடத்துக்கு எப்படி வந்தேன்னு நேத்துக் கேட்டீங்களே, அதுக்குப் பதில் சொல்லத்தான் சார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேறொரு கரையில, நானும் இப்படிப் படகுல உட்கார்ந்து எண்ணினேன். தொண்ணூத்தொண்ணு. திரும்பிப் போய், யாருமே இல்லைன்னு எழுதினேன்."